பேட்டரியை மாற்றும் முன் ஒரு நிமிடம்

ஹேக்கின்டாஷில், அதாவது ஆப்பிள் தயாரிக்காத லேப்டாப்பில் மேக்ஓஎஸ் ஓடும்போது, "0% காட்டினால் பேட்டரி செத்துவிட்டது, புதுசு வாங்குங்க" என்று சிலர் சொல்வது தவறு நண்பரே. அதே லேப்டாப்பை விண்டோஸிலோ லினக்ஸிலோ பூட் பண்ணிப் பாருங்க. அங்கே சதவீதம் சரியாக வந்தால் பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

விஷயம் எம்பெடெட் கன்ட்ரோலரில் (பேட்டரி போன்றவற்றைக் கவனிக்கும் மதர்போர்டின் சின்ன சிப்) இருக்கிறது. பேட்டரியின் மீதி அளவு, வோல்டேஜ் போன்றவற்றைப் பல லேப்டாப்கள் அதில் 16 பிட் ஃபீல்டாக (தகவல் கட்டமாக) வைத்திருக்கும். மேக்ஓஎஸ்ஸின் ஏசிபிஐ (ஹார்ட்வேர், பவர் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் முறை) டிரைவரோ அங்கே 8 பிட்டுக்கு மேல் ஒரே மூச்சில் படிக்காது. அதனால்தான் 0%, அல்லது ஐகானில் பெருக்கல் குறி. முன்பெல்லாம் டிஎஸ்டிடியை (லேப்டாப்பின் முக்கிய ஏசிபிஐ அட்டவணையை) திறந்து ஒவ்வொரு ஃபீல்டையும் இரண்டாக உடைக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கிற வேலை அது! இப்போது பெரும்பாலான மாடல்களுக்கு ஈசிஎனேப்ளர் என்ற கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸில் சேர்க்கும் டிரைவர் போன்ற கோப்பு) போதும், ஃபீல்டை உடைக்க வேண்டாம். கூடவே லிலு, வெர்ச்சுவல்எஸ்எம்சி, எஸ்எம்சிபேட்டரிமேனேஜர் ஆகிய கெக்ஸ்ட்களும் வேண்டும். ஓபன்கோர் (மேக்ஓஎஸ்ஸை பூட் செய்யும் பூட்லோடர்) கான்ஃபிக்கில் லிலு முதலில் வரணும், வெர்ச்சுவல்எஸ்எம்சிக்குப் பிறகுதான் எஸ்எம்சிபேட்டரிமேனேஜர். பழைய ஏசிபிஐபேட்டரிமேனேஜர் கெக்ஸ்ட் இருந்தால் எடுத்துவிடுங்க, அதுவும் எஸ்எம்சிபேட்டரிமேனேஜரும் சேர்ந்து ஓடக்கூடாது.

இரட்டை பேட்டரி உள்ள திங்க்பேட் என்றால் தனி எஸ்எஸ்டிடி (டிஎஸ்டிடியோடு சேரும் கூடுதல் ஏசிபிஐ அட்டவணை) தேவைப்படலாம்.