காகிதம் அல்ல, சாட்டின் துணி

உங்கள் பதிவின் படத்திலுள்ள பெரிய விளக்கை, நிலாவில் வாழ்வதாகக் கதைகள் சொல்லும் முயலின் உருவத்தை, காகித வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கு உருவங்களுக்குப் பேர்போன சீன நகரமான ஸிகோங்கின் பாணியில் இவ்வளவு பெரிய உருவத்தைக் காகிதத்தில் செய்வதில்லை. கம்பிக்கூட்டின் மேல் சாட்டின் துணிதான். முதலில் வெல்டிங், பிறகு உள்ளே எல்இடி, கடைசியில் துணி. வரிசை மாறினால் ஒயரைத் தொடவே துணியைக் கிழிக்க வேண்டிவரும். கம்பிகளுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் துணியைத் தனியாக வெட்டி, கம்பியில் பசை தடவி, இழுத்து ஒட்டி, விளிம்பில் மிஞ்சியதைக் கத்தரிப்பார்கள். இழுவை குறைந்தால் சுருக்கம் விழும். விளக்கு எரிந்ததும் அது அப்பட்டமாகத் தெரியும். பல்பு துணியை ஒட்டியிருந்தால் வெள்ளைப் புள்ளி விழும். படத்தில் முயலின் கையருகே தெரிவது அதுதான்.

இன்னொன்று: சீனக் கதையில் அந்த முயல் உரலில் இடிப்பது சாவா மருந்து. மோச்சி என்ற அரிசிப் பலகாரத்துக்காக வேகவைத்த அரிசியை இடிப்பது ஜப்பானிய முயல்.