1890 கணக்கெடுப்பைத் தீ மட்டுமா அழித்தது?

"1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுவதும் தீக்கிரையானது, அயோவா மாநிலக் கிராமத்து முன்னோரின் தடம் 1880க்கும் 1900க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் அறுந்துவிட்டது" என்ற செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் பற்றிய தீ சுமார் கால் பங்கைத்தான் அழித்தது. தண்ணீரில் நனைந்தும் புகையில் கருகியும் கிடந்த மீதியை மீட்காமல், 1930களில் அரசே அழித்தது. நெஞ்சு பொறுக்காத செயல் அது! மிஞ்சியவை ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள்.

ஆனால் அயோவா 1885, 1895 ஆண்டுகளில் தானே கணக்கெடுத்தது. 1885 ஏட்டில் வீட்டார் ஒவ்வொருவரின் பெயர், வயதுடன் நிலம் அமைந்த அளவைப் பிரிவின் (section) எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணோடு கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அலுவலகத்தின் பத்திரப் பதிவேட்டைப் புரட்டுங்கள். நிலத்தை விற்ற கணவரின் பெயருக்குப் பக்கத்திலேயே மனைவியின் பெயரும் பெரும்பாலும் கிடைக்கும்.