அந்த அம்மா கேட்டதில் என்ன பிழை?

சபையில் ஒரு அம்மா கேட்ட கேள்விக்குப் பாஸ்டர் மைக்கில் பதில் சொன்ன அந்த வீடியோவை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் "பாஸ்டர் சரியாகத்தானே சொன்னார்" என்று நம் ஆட்களே கமெண்ட் போடுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மகனைப் பறிகொடுத்த தாய், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிற யாக்கோபு 5ஆம் அதிகாரத்தைக் காட்டி, விசுவாசத்தோடுதானே ஜெபித்தோம், ஏன் சுகம் கிடைக்கவில்லை என்று கேட்கிறார். அதற்கு, வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து கேளுங்கள் என்று மைக்கில் சொல்வதா பதில்? பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள் வேறு.

தாழ்மை இல்லாமல் படித்த வேதம் படித்ததாகவே கணக்கில்லை. கூடிப்போன வார்த்தை என்று நினைப்பவர்கள் 1 கொரிந்தியர் 8ஐ எடுத்து வாசியுங்கள். அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று எழுதிய பவுலே, கமாலியேல் என்கிற பெரிய யூத வேத அறிஞரிடம் படித்தவர்.

நான் படிப்புக்கு எதிரி என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து சண்டை பிடித்தார். இல்லை ஐயா. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் 1963இலிருந்து அங்கிலிக்கன், மெதடிஸ்த பிள்ளைகளெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் ஒன்றாகப் படிக்கிறார்கள், அது இந்த நாட்டுச் சபைகளுக்குக் கிடைத்த பாக்கியம் என்று எங்கேயும் சொல்வேன். படித்த பிறகு சனங்களோடு எப்படிக் கதைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

சரி, தப்பாக விளங்கிக்கொண்டால் திருத்த வேண்டாமா? திருத்துங்கள். அப்போஸ்தலர் 18இல் அப்பொல்லோ வேதத்தில் வல்லவர், பேச்சிலும் வல்லவர். கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே அழைத்துப்போய் விளக்கினார்கள், சபை நடுவில் வைத்து மானத்தை வாங்கவில்லை. அவரும் இவர்கள் யார் எனக்குச் சொல்ல என்று எழுந்து போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டது சைவரான ஆறுமுக நாவலரை. ஞானஸ்நானம் எடுக்காத ஒரு இளைஞரிடம் மொழிக்காகக் கையேந்த அவருக்கு வெட்கமாக இருக்கவில்லை. நமக்குச் சபைக்குள்ளேயே ஒரு அம்மாவின் கேள்வியைக் கேட்கப் பொறுமை இல்லை.

கொட்டாஞ்சேனையில் என் அம்மம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். விரலை வைத்து எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார். அந்தக் காலத்துப் போதகர் வீட்டுக்கு வந்தால் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே, "அம்மா, இந்தச் சங்கீதம் உங்களுக்கு எப்படி விளங்குது?" என்று கேட்பார். மரியாதைக்குக் கேட்டதில்லை, அம்மம்மா சொன்னதை ஞாயிறு பிரசங்கத்தில் அவர் பெயரோடு சொல்லுவார். அந்தப் போதகருக்கும் பட்டம் இருந்தது.

சபை விஷயத்தை வெளியே கொண்டுவரலாமா என்கிறார்கள். வீடியோவைப் போட்டது நானில்லை. பாஸ்டர் இளம் வயது, களைத்திருப்பார் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் இதே கேள்வியைக் கொழும்பு 7இலிருந்து காரில் வந்திறங்கும் ஒரு டாக்டர் கேட்டிருந்தால் அந்தக் களைப்பு வந்திருக்குமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்குப் போய்ப் பிழைக்கிற அம்மா என்பதால்தான் அந்தச் சிரிப்பு. நம் சபைகளில் முன் வரிசை யாருக்கு, காணிக்கைத் தட்டு மட்டும் யாரிடமெல்லாம் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. சீஷர்களின் கால்களைக் கழுவியவர் பெயரில் நடக்கிற ஊழியம் இது.

தம்பி, இதை வாசித்தால் தயவுசெய்து விளக்க வீடியோ போடாதீர்கள். அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். கேமராவும் உதவிக்காரர்களும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவர் மகனைப் பற்றிச் சொல்லச் சொல்லி முழுதாகக் கேளுங்கள், அதற்குப் பிறகு யாக்கோபைப் பற்றிக் கதைக்கலாம்.