போஷ் டிக்கெட் எங்கே சாமி?

நேற்று ராத்திரி நம்ம பேட்ச் குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். அந்த ‘ஆங்கிலச் சொற்கள் பிறந்த அதிசயக் கதை’ ஃபார்வர்டுக்குக் கீழே நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஆதாரம் எங்கே? அதற்கு ‘எல்லாம் தெரிஞ்ச ஏகாம்பரம்’ பட்டம், கையோடு குரூப்பிலிருந்து நீக்கம். ரொம்ப சந்தோஷம்.

‘போஷ்’ கதையையே எடுங்கள். ஆங்கிலத்தில் ஆடம்பரமான, பகட்டான என்று பொருள்படும் சொல். பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் கப்பலில் இந்தியா வரும் வெள்ளைக்காரப் பணக்காரர்கள், வெயில் படாமலிருக்க வரும்போது இடப்பக்க அறையும் ஊர் திரும்பும்போது வலப்பக்க அறையும் எடுப்பார்களாம். ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’. அதன் முதலெழுத்துகளை டிக்கெட்டில் முத்திரை குத்துவார்களாம். அப்படி ஒரு டிக்கெட்டை இன்றுவரை யாரும் கண்ணில் காட்டியதில்லை. இந்தக் கதை அச்சில் தலைகாட்டுவதே 1930களில்தான். சொல்லோ அதற்கு முன்பே புழங்கியது. 1890 வாக்கிலேயே கொச்சை அகராதியில் போஷ் என்றால் மினுக்கிக்கொண்டு திரியும் மைனர். சொல் முந்தி, கதை பிந்தி. இதைச் சொன்னால் நான் திமிர் பிடித்தவன்.

அடுத்து, கொட்டித் தீர்க்கும் மழையை ஆங்கிலத்தில் ‘கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ பெய்கிறது என்பார்களே, அதற்கொரு கதை. நாயும் பூனையும் கூரைமேல் படுத்திருந்து, மழையில் வழுக்கி விழுமாம். ஐயா, நான் பிறந்து வளர்ந்தது கூரை வீடு. பூனை ஏறும், ஒத்துக்கொள்கிறேன். மழை வந்தால் அது முதலில் தேடுவது அடுப்படியை. நாய் திண்ணைக்கு அடியில் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். கூரைமேல் ஏறிப் படுத்த நாயை எங்கள் தெருவே பார்த்ததில்லை. 1738இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் அந்தத் தொடரை அச்சிலேயே எழுதியிருக்கிறார், அவர் புத்தகத்தில் கூரையும் இல்லை, வழுக்கலும் இல்லை.

“பொழுதுபோக்குதானே, விடேன்” என்பார்கள். பொழுதுபோக்கு என்றால் கதை என்று சொல்லிப் போடுங்கள், ‘வரலாற்று உண்மை’ என்று தலைப்பு எதற்கு?

“அப்போ கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனதும் பொய்யா?” இது நல்ல கேள்வி. பொய்யில்லை. 1697இல் வந்த ஆங்கிலேய மாலுமி வில்லியம் டாம்பியரின் பயணநூல் சோழமண்டலக் கரையில் ‘கேட்டமரன்’ என்கிறார்கள் என்று பதிவு செய்திருக்கிறது. மிளகுத்தண்ணி ஆங்கிலத்தில் ‘மல்லிகாடானி’ சூப் ஆனதும், இந்தியாவில் புழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென்று 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் இருக்கிறது. ஆண்டு இருக்கிறது, ஆள் இருக்கிறார். நான் கேட்பது இதைத்தான். போஷுக்கு ஒரு டிக்கெட் காட்டுங்கள், மொட்டை போட்டுக்கொள்கிறேன்.

“நீ என்ன லண்டனிலா படித்தாய்?” இல்லை. அதற்கும் ஆதாரம் கேட்பதற்கும் என்ன சம்பந்தம்? கோட்டு போட்ட ஒருவன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ‘சூப்பர் சார்’ என்று கைதட்டியிருப்பீர்கள்.

என்னைத் தூக்கிய பிறகு “குடிசைக்காரன் நமக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றான்” என்று ஒருவர் போட்ட வாய்ஸ் மெசேஜை நண்பர் அனுப்பிவைத்தார். பின்னால் சிரித்தவர்களின் குரல்களும் அதில் தெளிவாகவே கேட்கின்றன. அதில் ரெண்டு பேர் இந்தப் பதிவுக்கும் லைக் போடுவார்கள் பாருங்கள்.