கிருஷ்ணகிரிக்கு ரயில் கேட்பவர்களே, கூட்ஸ் ஷெட்டையும் கேளுங்கள்

கிருஷ்ணகிரிக்கு ரயில் வேண்டும் என்ற கோரிக்கைக்கு என்னைவிட வயது அதிகம். தேர்தல் வந்தால் ‘சர்வே’ என்ற சொல்லைத் தூசி தட்டி எடுப்பார்கள். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பப் பரணில் போட்டுவிடுவார்கள். இத்தனைக்கும் 1905-லேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-ல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் குறுகிய பாதையில் ரயில் ஓடிய சீமை இது. பிறகு இரண்டையும் மூடிவிட்டார்கள். தருமபுரிக்குப் பிற்பாடு வேறு பாதை வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரானது. ரயில் மட்டும் வரவில்லை.

இந்தப் பதிவில் நான் திட்டப்போவது அரசாங்கத்தை அல்ல, கோரிக்கை வைக்கும் நம்மை. நம் மனுக்களை எடுத்துப் பாருங்கள். சென்னைக்கு நேரடி ரயில், அந்த எக்ஸ்பிரஸ் இந்த ஊரில் நிற்க வேண்டும், பண்டிகைக்குச் சிறப்பு ரயில். எல்லாம் நியாயம்தான். ஆனால் சரக்கு என்ற சொல் எங்காவது தட்டுப்படுகிறதா? ஜோலார்பேட்டை – கிருஷ்ணகிரி – ஓசூர் என்று சுமார் 100 கிலோமீட்டருக்குப் பாதை கேட்கிறோம். பயணிகளை மட்டும் நம்பிக் கேட்டால் ‘வருமானம் வராது’ என்ற ஒற்றை வரியில் கோப்பை மூடிவிட முடியும். இந்த வட்டாரத்தின் பலமே பாரம்தான். கிரானைட், மாங்கூழ், ஓசூர் ஆலைகளின் வாகனங்களும் உதிரிபாகங்களும், ராயக்கோட்டைத் தக்காளி.

மாங்கூழையே எடுத்துக்கொள்வோம். பெங்களூரா மாங்காய் குவியும் மாதங்களில் ஆலைகள் இரவும் பகலும் ஓடும். கூழை 200 கிலோவுக்கு மேல் பிடிக்கும் டிரம்மில் அடைத்து, இருபதடி கன்டெய்னர் ஒன்றில் 80 டிரம் ஏற்றினால் 17 டன் சொச்சம். அதை லாரியில் வைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புகிறோம். எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது நாடறிந்த கதை. ஒரு சரக்கு ரயிலோ 45 வேகன்களில் இப்படிப்பட்ட 90 கன்டெய்னர்களை ஒரே மூச்சில் இழுத்துப் போகும். அப்படியானால் ஏன் யாரும் ரயிலில் அனுப்புவதில்லை? ஒரு தனி ஆலையால் ஒரு முழு ரேக்கை, அதாவது ஒரு ரயிலின் மொத்த வேகன்களையும், நிரப்ப முடியாது. பத்துப் பதினைந்து ஆலைகளின் சரக்கைச் சேர்த்து வைத்து ஏற்ற ஒரு முனையம் வேண்டும். குறித்த மணி நேரத்துக்குள் ஏற்றி இறக்காவிட்டால் ரயில்வே டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் போடும். கிரேனும் தளமும் அகலமான சாலையும் இல்லாத கூட்ஸ் ஷெட்டில் அந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் கட்டாது.

முனையம் கட்டிவிட்டாலும் பாதி வேலைதான் முடியும். பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். லூப் லைனில், அதாவது வேறு வண்டிக்கு வழிவிட ஒதுங்கும் பக்கத் தடத்தில், கூட்ஸ் வண்டி ஒன்று நின்றுகொண்டிருக்கும். கடைசிப் பெட்டியின் வெளித்திண்ணையில் கார்டு உட்கார்ந்து நம் வண்டியையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் போன பிறகும் அவருக்குப் பச்சை விழும் என்று சொல்ல முடியாது. எதிரே இன்னொரு வண்டி வந்துகொண்டிருக்கலாம். ஓசூரிலிருந்து தருமபுரி வழியாக ஓமலூர் வரை இன்னும் ஒற்றைப் பாதைதான். சுமார் 700 மீட்டர் நீளமுள்ள முழு ரேக்கை எந்த ஸ்டேஷன் லூப்பில் ஒதுக்க முடியுமோ அங்கேதான் எதிரெதிர் வண்டிகளுக்குக் கிராசிங் போட முடியும். தொப்பூர் – சிவாடி மலைப்பகுதி வேறு. 2021 நவம்பரில் அங்கே பாறைகள் உருண்டு கண்ணூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது நினைவிருக்கும்.

இதைவிடப் பெரிய முடிச்சு பெங்களூருவில் இருக்கிறது. அது கர்நாடகத்தின் விவகாரம், நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: தருமபுரியும் ஓசூரும் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில் இருக்கின்றன. ஓசூரிலிருந்து வடக்கே போகும் எந்தச் சரக்கு வண்டியும் அந்த நகரத்தின் நெரிசலுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். குடத்தின் வயிற்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் வாய் சிறுத்திருந்தால் தண்ணீர் அந்த அளவுக்குத்தான் வரும்.

இதே வியாதி அமெரிக்காவின் சிகாகோவுக்கும் உண்டு. அந்த நாட்டின் சரக்கு ரயில் போக்குவரத்தில் ஏறத்தாழ கால் பங்கு அந்த ஒரு நகரத்தைத் தொட்டுப் போகிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சிகாகோ வர 48 மணி நேரம், சிகாகோவுக்குள் நுழைந்து மறுபக்கம் போக 30 மணி நேரம் என்று 2012 வாக்கில் சரக்கு அனுப்புகிறவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். 1999 ஜனவரிப் பனிப்புயலில் அங்கே யார்டுகள் முடங்கியபோதுதான் ஒருவரோடொருவர் மல்லுக்கட்டும் ரயில் கம்பெனிகளே உட்கார்ந்து பேசத் தொடங்கின. 2003-ல் மாநில அரசு, மாநகராட்சி, சரக்கு ரயில் கம்பெனிகள், பயணிகள் ரயில் நிறுவனங்கள் என எல்லாரும் சேர்ந்து ‘கிரியேட்’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதில் 70 வேலைகள். புதிதாக நீண்ட பாதை போடுவது அதன் சாரமே இல்லை. இரண்டு தடங்கள் தரைமட்டத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒன்றை மேலே தூக்குவது, ரயில்வே கேட்டுக்குப் பதில் பாலம், பழைய சிக்னலை மாற்றுவது, இப்படிப்பட்டவைதான். எங்கிள்வுட் என்ற சந்திப்பில் ஒரு நாளைக்கு 78 புறநகர் ரயில்களும் சுமார் 60 சரக்கு, தொலைதூர ரயில்களும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தன. 2014-ல் மேம்பாலம் முடிந்தது. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருப்பதும் முடிந்தது. திட்டம் முழுதும் முடிந்துவிட்டதா என்றால் இல்லை. பணத்துக்கு அங்கும் இழுபறிதான்.

பெங்களூருவுக்கு 148 கிலோமீட்டர் புறநகர் ரயில் திட்டம் 2020-ல் ஒப்புதல் பெற்றது. அதில் ஒரு தடம் ஓசூர்ப் பாதையில் இருக்கும் ஹீலலிகேயிலிருந்து புறப்படுகிறது. பையப்பனஹள்ளி – ஓசூர் 48 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்கும் வேலையும் கையில் எடுக்கப்பட்டது. இரண்டும் வரவேற்க வேண்டியவைதான். என் கவலை, தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே நிலத்தையெல்லாம் பயணிகளுக்கே கொடுத்துவிட்டு, பத்து வருடம் கழித்துச் சரக்குக்கு இடம் தேடினால் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புதான் நிற்கும் என்பது. சரக்கு ஓட்டுப் போடாது, வாய்விட்டுப் புலம்பாது. ஆகவே அதற்குக் கடைசி இடம்.

வடக்கே லூதியானாவிலிருந்து சோன்நகர் வரையும், தாத்ரியிலிருந்து மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கும் சரக்குக்கென்றே தனிப் பாதை போட இறங்கினார்கள். தெற்கே அப்படி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. சென்னைக்கு மேற்கே மப்பேட்டில், ரயிலுக்கும் லாரிக்கும் இடையே சரக்கை மாற்றி ஏற்றும் பன்முகச் சரக்குப் பூங்காவுக்கு 2022-ல் அடிக்கல் நட்டார்கள். அதனோடு இணைக்க ஏற்ற சரக்கு முனையம் இந்த முனையில் எங்கே?

அதனால்தான் ஜோலார்பேட்டை – ஓசூர் பாதையைப் பெங்களூருவின் நெரிசலுக்குச் சுற்றுப்பாதை என்று சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறேன். ஓசூர் ஆலைகளின் சரக்கு, கிருஷ்ணகிரியின் கூழும் கல்லும் பெங்களூருவுக்குள் நுழையாமலே சென்னைப் பக்கம் இறங்கிவிடும். பெங்களூருக்காரர்களும் இதற்குத் துணை நிற்பார்கள். அவர்கள் ஊரின் பளு குறைகிறதே.

லாரிக்காரர் வயிற்றில் அடிக்கிறாயா என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து முனையத்துக்குச் சரக்கு லாரியில்தான் வரும். துறைமுகத்தில் வரிசையில் தவம் கிடக்கும் ஓட்டுநர், ஒரே நாளில் இரண்டு மூன்று நடை அடித்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகலாம். தொப்பூர்க் கணவாயில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும் பார வண்டிகளிலும் கொஞ்சம் குறையும். அடுத்த முறை சர்வே அதிகாரிகள் வந்தால், கிருஷ்ணகிரி ஸ்டேஷன் வரைபடத்தில் கூட்ஸ் ஷெட் எங்கே, லூப் எத்தனை மீட்டர், அதற்குள் லாரி வர எந்தச் சாலை என்று கேளுங்கள். பிளாட்பாரம் எத்தனை என்று நிச்சயம் வேறு யாராவது கேட்டுவிடுவார்கள்.