எம்பி3 ஆக்குங்கள், வீடியோவை ஏன் அழிக்கிறீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் நடந்ததைப் பற்றித்தான். பர்மாவில் பெகு ஊர்ப்பக்கத்துப் பாட்டி ஒருவர் பாடிய கும்மிப்பாட்டு வீடியோவை யாரோ ஒலி மட்டுமுள்ள எம்பி3 ஆக்கிப் போட்டார்கள். ஆசையோடு கேட்டேன். கைத்தட்டல் ஒன்றுகூட 'தட்' என்று விழவில்லை, 'ஷ்ஷ்' என்று இழுபடுகிறது. வளையல் சத்தம் அறவே இல்லை. கோப்பைப் பார்த்தால் 32 கேபிபிஎஸ், அதாவது ஒரு நொடி ஒலிக்கு 32 கிலோபிட் மட்டும். இந்த எண் குறையக் குறையத் தரமும் குறையும். சரி, வீடியோவைக் கொடுங்கள் என்றேன். "டெலிட் பண்ணிட்டேன் அண்ணே, போன்ல இடமில்ல" என்று பதில். அதற்கு வரிசையாக லைக் வேறு.

வீடியோவிலிருந்து ஒலியைப் பிரிப்பது தப்பென்று நான் சொல்லவே இல்லை. கோயில் ஆம்ப்ளிஃபையரில் பென்டிரைவ் போட எம்பி3தான் வேண்டும். எடுங்கள், பத்து பேருக்கு அனுப்புங்கள். மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள். இவ்வளவுதான் நான் கேட்பது.

எம்பி3 என்பது காதுக்கு எட்டாது என்று கணக்குப் போட்ட ஒலிகளை வெட்டி எறிந்து கோப்பைச் சிறிதாக்குவது. வெட்டியது திரும்ப வராது. போன் வீடியோவில் இருக்கும் ஒலியே பெரும்பாலும் ஏஏசி என்ற முறையில் ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியதுதான். அதை மறுபடி 32க்கு நசுக்கினால் முதலில் போவது மேல் சுருதி, அதாவது வளையலும் 'ச', 'ஸ' எழுத்துகளின் கூர்மையும். அடுத்து கைத்தட்டல் போன்ற திடீர் ஓசைகள் கலங்கிப்போகும். கும்மியில் கைத்தட்டல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

இதில் இன்னொருவர் உதவி செய்வதாக அதே கோப்பை 320க்கு மாற்றிப் போட்டு, "இப்ப குவாலிட்டி பாருங்க" என்கிறார். கோப்பு பத்து மடங்கு பெருத்தது, அவ்வளவுதான். இல்லாத வளையல் எங்கிருந்து வரும்?

டேட்டா விலை, கரண்ட் கட் எல்லாம் தெரியாதா என்று கேட்கிறார்கள். தெரியும், நானும் இதே ரங்கூனில்தான் இருக்கிறேன். கரண்ட் வரும் நேரம் பார்த்து போனுக்கு சார்ஜ் ஏற்றுகிறவன்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரை மணி நேரப் பாட்டு 32இல் ஏறக்குறைய 7 எம்பி, 128இல் 29 எம்பி. 22 எம்பிக்காகவா பாட்டியின் குரலைக் கொடுத்தோம்? வீடியோ பெரிது, ஒப்புக்கொள்கிறேன். குழுவில் யாரிடமாவது ஒரு ஹார்ட் டிஸ்க் இல்லையா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பஸ் ஏறி வந்து வாங்கியிருப்பேன்.

என் அப்பாயி பாடிய பாட்டு எங்கள் வீட்டில் கேசட்டில் இருந்தது. மெட்ராஸ் போய்விட்ட சொந்தங்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா அதைப் பிரதி எடுத்து அனுப்புவார். ஒரு சித்தப்பா பிரதியிலிருந்து பிரதி எடுத்து, அதிலிருந்து இன்னொன்று எடுத்து, கடைசியில் இரைச்சல்தான் மிஞ்சியது. அப்பா மட்டும் முதல் கேசட்டை பீரோவில் வைத்துப் பூட்டி, யாரையும் தொட விடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அப்பாயி மூச்சு வாங்குவதுகூட எனக்குக் கேட்கிறது. அப்பா எந்த என்ஜினியரிங்கும் படித்தவர் இல்லை. "நீ என்ன சவுண்ட் என்ஜினியரா?" என்று கேட்டவருக்கு இதுதான் என் பதில். அந்தக் கேள்வி வலித்தது, மறைக்கவில்லை.

"தமிழ்நாட்டில் இல்லாத கும்மியா?" என்று இன்னொருவர். அங்கே ஆயிரம் இருக்கலாம். கப்பலில் வந்ததையும் நெல்லு மில்லையும் ஐராவதி ஆற்றையும் வைத்துக் கட்டிய கும்மி அங்கே எங்கே இருக்கிறது? 1960களில் இங்கே பர்மாவில் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின, தமிழ்ப் பத்திரிகைகள் நின்றன, லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இங்கே தங்கியவர்களில் பலருக்குத் தமிழ் எழுதத் தெரியாமல் போனது. பாட்டு வாயிலும் காதிலும்தான் பிழைத்தது. அதை அரசாங்கம் வந்து பறிக்கவில்லை. நாமே, நம் விரலாலேயே அழித்திருக்கிறோம். இது எனக்குத் தாங்கவில்லை.

இனிமேலாவது கம்ப்யூட்டரில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தை விட்டுவிட்டு ஒலியை அப்படியே நகலெடுக்கச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் எம்4ஏ என்ற ஒலிக்கோப்பாகத் தந்துவிடும், துளி ஒலிகூடக் குறையாது. அதிலிருந்து எத்தனை எம்பி3 வேண்டுமானாலும் செய்யலாம். தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், எந்த நேரமானாலும் செய்து தருகிறேன்.

வீடியோவை அழித்த தம்பி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேல் கோபம் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இப்போது அது முக்கியமில்லை. பல போன்களில் அழித்த வீடியோ 30 நாள் வரை குப்பைத்தொட்டியில் கிடக்கும். கேலரியைத் திறந்து இன்றைக்கே பாருங்கள். கிடைத்தால் வீடியோவாக அனுப்ப வேண்டாம், வைபர் செயலி மறுபடி சுருக்கிவிடும். டெலிகிராமில் 'ஃபைல்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள்.