ஒருத்தர் வாயிலாவது 'தெரியாது' வருதா?

மணி ராத்திரி ரெண்டே முக்கால். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை. பாளையங்கோட்டையில், ஜன்னல் இல்லாத அரங்குவீட்டில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். டேபிள் ஃபேன் இருக்கிறது. ஆனால் அது சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது, ஏனென்றால் குட்டிகள் மேல் நேராகக் காற்று படக் கூடாதாம். குட்டிகள் எங்கே இருக்கின்றன? நான் 58,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பைக்குள் இருக்கின்றன. நாலு. கண்கூடத் திறக்காத நாலு பூனைக்குட்டிகள்.

வயிறு எரிகிறது. ஆனால் பூனை மேல் எனக்குக் கோபமே கிடையாது. என் கோபமெல்லாம் வேறு. கடந்த மூன்று மாதத்தில் இந்தப் பையைப் பற்றியும் இந்தப் பூனையைப் பற்றியும் குறைந்தது முப்பது பேரிடம் பேசியிருப்பேன். அதில் ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, "அது எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்ல வேண்டுமே! எல்லாருக்கும் எல்லாமே தெரிந்திருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். என் அக்கா இந்த மே 31 அன்று ரிட்டயர் ஆகிறாள். 33 வருஷம் அறிவியல் டீச்சர். 33 வருஷமும் ஒயர்கூடைதான். நீலமும் வெள்ளையுமாக அம்மா பின்னியது. பிடி அறுந்தால் அம்மாவே திரும்பப் பின்னிக் கொடுப்பாள். பரீட்சைப் பேப்பர், சாப்பாட்டு டப்பா, குடை, திரும்பி வரும்போது கீரைக்கட்டு, எல்லாம் அதற்குள்தான். 1999-இல் சித்தி மகள் கல்யாணம். மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிந்து பெண்களெல்லாம் பட்டாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறோம். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மதினி ஒருத்தியின் பையை அக்கா மடியில் வாங்கி வைத்தாள். ஜிப்பை ரெண்டு தடவை திறந்து மூடினாள். "நல்லா அடக்கமா இருக்கு மைனி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. எனக்கு மட்டும் அந்த ஜிப் சத்தம் மறக்கவில்லை.

அது பிரான்ஸ் நாட்டு லூயி விட்டான் கம்பெனியின் 'ஸ்பீடி' என்று பல வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். 1930-இல் 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வந்த பயணப் பை. நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் கேட்டுக்கொண்டதால் 25 சென்டிமீட்டரில் சின்னதாகவும் செய்தார்கள். மதினி வைத்திருந்தது 30, துணி முழுக்கக் கம்பெனியின் LV எழுத்துப் போட்டது. புதுசு என்றால் லட்சத்தைத் தாண்டும். அது என் பவிசுக்கு ஆகாது. பழசு என்றால் முடியும். 'வின்டேஜ்' என்று சொன்னால் பழசுக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது, சரி, அந்த மரியாதையோடு வாங்குவோம் என்று இறங்கினேன்.

போனில் ஒரு விற்பனைக்காரி கிடைத்தாள். பெயர் வேண்டாம், விடுங்கள். "மேம், 2004 மாடல், ஹண்ட்ரட் பர்சன்ட் ஒரிஜினல், ரெண்டு பக்கமும் எழுத்து நேரா இருக்கும் பாருங்க" என்று வீடியோ எல்லாம் அனுப்பினாள். 22,000 ரூபாய். அனுப்பிவிட்டேன். பை வந்தது. உள்ளே சின்னதாக ஒரு தோல் துண்டு, அதில் ரெண்டு எழுத்தும் நாலு எண்ணும். இந்தக் குறியீட்டை 1980-களின் தொடக்கத்திலிருந்து 2021 வரை அந்தக் கம்பெனி போட்டுக்கொண்டிருந்தது, அப்புறம் சிப்புக்கு மாறிவிட்டார்கள். 1990-லிருந்து 2006 வரை செய்த பைகளில் நாலு எண்ணில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் மாதம், ரெண்டாவதும் நாலாவதும் சேர்ந்தால் வருஷம். என் பையில் இருந்த எண் 1074. சேர்த்துப் படியுங்கள். வருஷம் 04. மாதம் 17.

பதினேழாம் மாதம்! சித்திரையில் ஆரம்பித்து எத்தனை தடவை எண்ணினாலும் பங்குனியோடு பன்னிரண்டு முடிந்துவிடுகிறது. 2007-க்கு மேல் என்றால் மாதத்துக்குப் பதில் வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். இவள் சொன்னதோ 2004. கேட்டேன். பதில் வந்தது பாருங்கள்: "அது பிரான்ஸ் கேலண்டர் மேம், நம்ம கேலண்டர் இல்ல."

ஒரு நொடி தயங்கியிருந்தால்கூட, "செக் பண்ணிச் சொல்றேன்" என்று சொல்லியிருந்தால்கூட, எனக்கு ஆத்திரம் பாதியாகக் குறைந்திருக்கும். பிரான்ஸில் பதினேழு மாதம் என்று என்னிடமே சாதிக்கிறாளே! பணத்தைத் திருப்பிக் கேட்டதும் 'நோ ரிட்டர்ன்' என்று ஒரு வரி. அதற்கப்புறம் நான் அனுப்பியது எதற்கும் ரெண்டாவது டிக் விழவில்லை.

அந்தப் போலிப் பையைத் தூக்கி அரங்குவீட்டில் போட்டுவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் சித்தி மகனைப் பிடித்தேன். ஜப்பானில் பழைய பிராண்ட் பைகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. அங்கிருந்து வந்த பை ஒன்றை அவன் ஒரு கடையில் பார்த்து, பில்லோடு வாங்கி, ஊருக்கு வரும்போது கையிலேயே கொண்டுவந்தான். 58,000. பார்த்ததுமே தெரிந்தது. பிடித் தோல் தேன் நிறத்தில் பழுத்திருந்தது. அந்தத் தோலுக்குச் சாயமோ பூச்சோ கிடையாது. வெயிலும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து வருஷக்கணக்கில் வரும் நிறம் அது.

அம்மாவிடம் காட்டினேன்.

"யாரு பை இது?"

"லூயி விட்டான்மா."

"யாரு விட்டான்? எங்க விட்டான்? அடுத்தவன் விட்டுட்டுப் போனதை எதுக்குட்டி எடுத்துட்டு வந்தே?"

இதைச் சமாளித்து முடிப்பதற்குள், உடம்புப் பகுதி தோல் இல்லை, பூச்சுப் பூசிய பருத்தித் துணி என்று வாயைவிட்டேன். போச்சு. "துணிப்பையா? பத்து ரூவா போட்டா மிஷினே மஞ்சப்பை தருதுட்டி!" அம்மாவுக்கு நான் சொன்ன விலை 1,500. அதற்கே இந்தப் பேச்சு.

எதிர்வீட்டு அண்ணாச்சி சம்சாரம் வந்தாள். பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள். "உன்னை நல்லா ஏமாத்திட்டாவ. ஒரு பக்கம் எழுத்து தலைகீழா இருக்கு பாரு. டூப்ளிகேட்டு."

எழுத்து தலைகீழாக இருப்பதுதான் சரி என்று இவளுக்கு எப்படி விளக்குவது? பழைய ஸ்பீடியில் துணியை அடியில் ஒட்டுப் போட மாட்டார்கள். ஒரே துண்டு. முன்பக்கம் தொடங்கி அடியைச் சுற்றிப் பின்பக்கம் ஏறும். முன்னால் எழுத்து நேராக நின்றால் பின்னால் தலைகீழாகத்தான் நிற்க முடியும். பத்தமடைப் பாயை ரெண்டாக மடித்து நிறுத்திப் பாருங்கள், தெரியும். ரெண்டு பக்கமும் நேராக இருந்த அந்த 22,000 ரூபாய்ப் பையைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "இது ஒரிஜினல். இதை அக்காக்குக் குடு."

நல்லவேளை, கையில் அப்போது கரண்டி இல்லை.

மே 31 வரை அக்கா கண்ணில் படக் கூடாது என்று பையை அரங்குவீட்டில், பழைய பட்டுச்சேலை மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஜிப்பை முழுக்க மூடினால் உள்ளே காற்றாடாமல் வாடை வரும் என்று கொஞ்சம் திறந்து வைத்தேன். இது என் கூறுகெட்டதனம், ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் மாடசாமி. வெள்ளை, கறுப்பு, செம்பட்டை என்று மூன்று நிறம். போன கார்த்திகையில் அக்கா வந்தபோது, "மூணு கலர்னா பொட்டையாத்தாண்டி இருக்கும். கறுப்பு, செம்பட்டை ரெண்டும் சேர்ந்து வரணும்னா ரெண்டு எக்ஸ் குரோமோசோம் வேணும்" என்றாள். நான் என்ன சொன்னேன்? "உனக்குத் தெரியாதுக்கா, இது கடுவன்தான்" என்றேன். சித்திரையில் வயிறு தொங்கியபோதும், "சாளைமீன் தின்னு கொழுத்துட்டான்" என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான்தான். சரி, அதை விடுங்கள்.

மே 19 காலையில் அரங்குவீட்டுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், பைக்குள் மாடசாமி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. மாடத்தி என்று சொல்ல வேண்டும் இனிமேல். வயிற்றோரம் வரிசையாக நாலு. இருட்டு, அடக்கம், மூன்று பக்கமும் அணைப்பு. அக்கா சொன்ன அதே அடக்கம். பிரசவ ஈரம் உள்பக்கத் துணியில் ஊறி, ஒரு பிடியின் அடிவரை போயிருந்தது. பூச்சுத் துணியைத் துடைத்துவிடலாம். பூச்சில்லாத அந்தப் பிடித் தோலில் தண்ணீர்ச் சொட்டு விழுந்தாலே கறை நிற்கும். இது தண்ணீரா?

நான் அழுததைப் பார்த்துத்தான் தெருவே கூடியது. கூடியதும் ஆளுக்கொரு தீர்ப்பு.

பெரியம்மை: "கையால தொட்டிராத. மனுச வாடை பட்டா தாய் குட்டியைத் தின்னுடும்." கால்நடை டாக்டரிடம் கேட்டேன். தாய்க்குப் பழகின கையென்றால் அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது, ஆனால் சும்மா சும்மா தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். எடை பார்க்கச் சொன்னார். அடுக்களைத் தராசில் வைத்தேன். ஒவ்வொன்றும் 100 கிராமை ஒட்டி. கையில் ஒரு 100 கிராம் அல்வாப் பொட்டலத்தை வாங்கினால் எப்படி இருக்கும், சூடாக, கொழகொழவென்று? அப்படியே.

அடுத்த தெரு மாமி டம்ளரில் பசும்பாலோடு வந்துவிட்டாள். பசும்பால் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, கழிச்சல் போகும், அந்த எடைக்கு ஒரு நாள் கழிச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும் என்று சொன்னால், "நாங்க வளக்காத பூனையா?" என்கிறாள். எத்தனை குட்டி பிழைத்தது மாமி என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதில் இல்லை.

ஒருத்தர், குட்டிகள் ஒன்றுக்கே போகவில்லை, அடைப்பு என்றார். பிறந்த குட்டி தானாகப் போகாது. தாய் நக்கிவிட்டால்தான் போகும். மாடத்தி நாள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இன்னொருத்தர் ரெண்டாம் நாளே வந்து, கண் திறக்கவில்லை, குருட்டுக் குட்டிகள் என்று அடித்துச் சொன்னார். ஏழு நாளிலிருந்து பத்து நாளாவது ஆகும். ரெண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் குட்டியும் உண்டு.

இவர்களையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். எதிர்வீட்டு அண்ணாச்சி இருக்கிறாரே! "சாக்குல கட்டி சந்தைப் பக்கம் விட்டுட்டு வாரேன். அங்க மீன் கெடக்கும், பொழச்சிக்கிடும்." கண் திறக்காத குட்டி மீன் தின்னுமா? மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லிருந்து இருக்கிறது அண்ணாச்சி, பட்டினியில் சாகும்படி விட்டுவிட்டு வருவது குற்றம் என்றேன். "அபராதம் எவ்வளவு?" என்றார். முதல் தடவை என்றால் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதுதான் சட்டத்தில் இருக்கிறது, நான் என்ன செய்ய. சட்டைப் பையில் கையை விட்டு ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டுகிறார் மனுஷன். "இந்தா, நான் கட்டுதேன்."

பையை மட்டும் காப்பாற்றலாம் என்று அட்டைப்பெட்டியில் பழைய நூல்சேலை விரித்துக் குட்டிகளை மாற்றினேன். அரைமணி நேரத்தில் கழுத்தைக் கவ்விக் கவ்வி நாலையும் திரும்பப் பைக்குள் கொண்டுபோய்விட்டது. "பூனை ஏழு வீடு மாத்தும்லா, தானா எறங்கிரும்" என்று பெரியம்மை சொன்னாள். இது ஆறாம் நாள். ஒரு வீடுகூட மாறவில்லை. போலிப் பையைப் பக்கத்தில் திறந்து வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டது.

இதற்கு நடுவில் தோல் சாமான் தைக்கும் கடைக்காரர் ஒருத்தருக்குக் கறையைப் படம் பிடித்து அனுப்பினேன். "பிரவுன் பாலிஷ் போட்டு புதுசாக்கித் தாரேன், 300 ரூவா" என்கிறார். இருபது வருஷ வெயில் ஏற்றிய நிறத்தின் மேல் செருப்புப் பாலிஷ்!

நேற்று சாயங்காலம் அக்காவிடமிருந்து போன்.

"ஏட்டி, எனக்குன்னு ஏதோ பை வாங்கி வச்சிருந்தியாம், அதுல மாடசாமி குட்டி போட்டுட்டாமே? அண்ணாச்சி சம்சாரம் சொன்னா."

மூன்று மாதம் கட்டிக்காத்த ரகசியம். நான் பேசவே இல்லை.

"நான் அன்னைக்கே சொன்னேன், பொட்டைன்னு. சரி, அதை விடு, குட்டிக கண் தொறக்கட்டும், பையை அப்புறம் பாத்துக்கிடலாம். எவ்வளவுக்கு வாங்குனே?"

58,000 என்று சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டாயிரம்" என்றேன்.

"ரெண்டாயிரமா? எனக்குத் தெரியாதா இதெல்லாம்? ஜங்ஷன்ல அதே எழுத்துப் போட்ட பை முந்நூறு ரூவாக்குத் தொங்குதுட்டி. நல்லா ஏமாந்துட்டே."